ஒவ்வொரு கடியிலும்!

“நாயாடா கடிக்குது?”

கேட்டது மணப்பாறையில் முறுக்குச் சுடும் ஓர் அம்மா. ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. வாசலில் வலை போட்டு மூடிய கிணறு, பின்கட்டில் அடுப்பு. பாதி வெந்த முறுக்குகளை எண்ணெயிலிருந்து கம்பியால் கோத்தெடுத்து, மூங்கில் தட்டில் ஆறப்போட்டுக்கொண்டிருந்தார். ஆறியபின் இன்னொரு முறை எண்ணெய்க்குப் போகும். இந்த இரண்டாவது பொரிப்பில்தான் மணப்பாறை முறுக்கின் சூட்சுமம் இருக்கிறது என்பார்கள்.

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த மகன் கைபேசியைப் பார்த்து இன்னொரு தரம் படித்தான். “பாரம்பரியத்தின் சுவை, ஒவ்வொரு கடியிலும்! ஏ.ஐ. குடுத்தது. நல்லா இல்லையாம்மா?”

“முறுக்குன்னா நொறுக்கணும். கடின்னா நாய்க்கடி, எறும்புக்கடி. பாக்கெட்ல அதையா போடுவே?”

என்னைப் பார்த்து நியாயம் கேட்பதுபோல் சிரித்தான் பையன். திருச்சியில் பி.பி.ஏ. முடித்தவன். சந்தையிலும் ரயிலடியிலும் எண்ணிக்கைக்கு விற்ற முறுக்கைப் பவுச்சில் அடைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் திட்டம். அதற்குப் பெயர், லோகோ, நிறம், ஒரு வரி வாசகம் எல்லாம் வேண்டும். பதினோரு ராத்திரி ஏ.ஐ.யோடு பேசியிருக்கிறான். அத்தனையும் ஃபோனில் இருக்கிறது.

‘சிறு தொழில்காரர்கள் ஏ.ஐ. துணையோடு பிராண்டை வளர்க்கும் கதை’ என்று தலைப்புக் கொடுத்துத்தான் ஆசிரியர் குழு அனுப்பியது. வெற்றிக் கதையோடு திரும்பியிருக்கலாம். ஆனால், அந்தக் ‘கடி’ என்னை விடவில்லை.

பால்கோவாவுக்கும் அதே கடி

அலுவலகம் வந்ததும் நானே உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு ஒரு வாசகம் கேட்டேன். ‘பாரம்பரியம்’ வந்தது. கூடவே ‘ஒவ்வொரு கடியிலும்’ வந்தது. பால்கோவாவை யாராவது கடிப்பார்களா? இலையிலிருந்து விரலால் வழித்துச் சாப்பிடுகிற பண்டம் அது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கேட்டேன். மறுபடியும் கடி. மார்த்தாண்டம் தேனுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டி ‘ஒவ்வொரு துளியிலும்’ என்றது. கடைசியாக, குறும்பாக, கோவை கிரைண்டருக்குக் கேட்டேன். ‘ஒவ்வொரு சுழற்சியிலும் பாரம்பரியம்’ என்று வந்தது. மாவு ஆட்டும் ஆசையே போய்விட்டது.

இந்த நான்கும் புவிசார் குறியீடு பெற்றவை. பால்கோவாவுக்கு 2019, கடலைமிட்டாய்க்கு 2020, தேனுக்கு 2023. மணப்பாறை முறுக்கும் 2023-ல் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ‘இந்த ஊரில் செய்தால்தான் இது இப்படி இருக்கும்’ என்று நிரூபித்து வாங்கிய தகுதி அது. கரிசல் மண் கடலை, மணப்பாறையின் உப்புக் கலந்த தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு. அந்தத் தனித்தன்மை மொத்தத்தையும் இரண்டே சொல்லில் சமமாக இழைத்துவிட்டது பொறி.

ஏன் இப்படி? அது யோசித்து எழுதுவதில்லை. இதுவரை படித்ததை வைத்து, அடுத்து எந்தச் சொல் வர அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டு அடுக்குகிறது. படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கிலத்தில் தின்பண்ட விளம்பரம் என்றால் கடி வந்தே தீரும். அது தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு மணப்பாறைக்கு வந்து இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்து தமிழில் தின்பண்டத்தோடு ஒட்டிய கடி ஒன்றுதான்: காக்காய்க் கடி. சட்டைத் துணிக்குள் மிட்டாயை வைத்து, எச்சில் படாமல் பங்கு போடுகிற பள்ளிக்கூடத்துக் கடி. அதை எந்தப் பொறியும் எனக்குத் தரவில்லை.

2024 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 300 பேரைக் குட்டிக்கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஏ.ஐ. யோசனை கொடுத்தது, சிலருக்குக் கொடுக்கவில்லை. ஏ.ஐ. யோசனை பெற்றவர்களின் கதைகளை, தனித்தனியாகப் படித்தவர்கள் மெச்சினார்கள். ஆனால், எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தபோது அந்தக் கதைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாயலில் இருந்தன. கதைக்கே இந்தக் கதி. பக்கத்துக் கடையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவதற்காகவே பிறந்த பிராண்டுக்கு என்ன ஆகும்?

மார்க் போட்ட காலம்

பிராண்டு என்ற சொல் நமக்குப் புதிது. சரக்கு புதிதில்லை. நம் தாத்தாக்கள் ‘மார்க்’ என்றார்கள். தீப்பெட்டி, பீடி, மூக்குப்பொடி, பெருங்காயம், கைலி எல்லாவற்றிலும் யானையோ குதிரையோ மயிலோ இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். சிவகாசி அச்சகங்கள் இந்த லேபிள்களில்தான் வளர்ந்தன. ‘டார்கெட் ஆடியன்ஸ்’ என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைக்கு வருகிறவரின் கண் எங்கே போகும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வாசகங்களையும் பாருங்கள். ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.’ இன்றைய மார்க்கெட்டிங் பாடப்படி இது தற்கொலை. வளரவில்லை என்று தானே ஒப்புக்கொள்ளும் கடை! ஆனால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு: முதலாளி இங்கேயே கல்லாவில் இருக்கிறார், அடுத்த தெருவில் இதே பெயரில் இருப்பவன் போலி. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகைக்கு நிகராக, முகம் கோணாமல் ‘இல்லை’ சொல்லும் வரியை எந்த ஏஜென்சி எழுதியது?

இன்னும் ஒரு படி மேலே போனது திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாமல், மங்கலான விளக்கொளியில் அல்வா விற்ற கடைக்கு அந்த இருட்டையே பெயராக வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். எந்தக் கடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் நிஜமான பிராண்டிங்: ஊர் வைத்த பெயரைக் கடைக்காரர் மறுக்காமல் ஏற்றுக்கொள்வது. ‘விளக்கு மங்கலாக இருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று ஏ.ஐ.யிடம் கேட்டால், எல்.இ.டி. மாட்டச் சொல்லும்.

அருமையான தேர்வு!

மணப்பாறைப் பையனின் உரையாடலை மேலிருந்து கீழ் வரை படித்தேன். முதல் ராத்திரி ஆங்கிலப் பெயர் ஒன்றை அவனே சொல்லியிருக்கிறான். ‘அருமையான தேர்வு!’ என்றது. மூன்றாம் ராத்திரி வேறொரு பெயர். அதுவும் ‘அருமையான தேர்வு!’ கடைத்தெருவில் இருபது வருஷம் இருந்த எந்தப் பெரியவரும் இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்ட மாட்டார். 2025 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம், தன்னுடைய பொறி பயனர்களை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று ஒப்புக்கொண்டு, விட்ட புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. ஜால்ரா சத்தம் அதற்கே காதைக் குத்தியிருக்கிறது.

முறுக்கு வியாபாரிக்கு இந்தப் புகழ்ச்சியால் கைக்காசு போகும். வணிகச் சின்னம் பதிய, தனிநபர் இணையவழியில் ஒரு வகைக்குக் கட்ட வேண்டியது 4,500 ரூபாய். முறுக்கு வருவது 30-ம் வகையில். கிடைத்தால் 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதே பெயரிலோ அதைப்போல ஒலிக்கிற பெயரிலோ ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ‘அருமை’ என்ற பொறி இவனிடம் அதைத் தேடிப்பார்க்கச் சொல்லவே இல்லை. ஊர்ப்பெயரையும் பண்டத்தின் பெயரையும் மட்டும் ஒட்டிவைத்தால் ஒருவருக்கு மட்டும் சொந்தமாகக் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்லவில்லை. புவிசார் குறியீடு தனியாள் சொத்து கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். புவிசார் குறியீட்டுக்கான பதிவகம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். இருப்பது நம் சென்னை கிண்டியில்.

பொறிக்கு ரொம்பப் பிடித்த ‘பாரம்பரியம்’ சங்கதிக்கு வருவோம். உணவு விளம்பரங்களுக்கான 2018 விதிகளின்படி இயற்கை, புதிது, பாரம்பரியம் போன்ற சொற்களை இஷ்டத்துக்குப் போட முடியாது. தலைமுறைகளாகப் பெரிதாக மாறாமல் வரும் செய்முறைக்குத்தான் ‘பாரம்பரியம்’ பொருந்தும். இந்த அம்மாவுக்கு அது பொருந்தும். போன மாதம் மிஷின் வாங்கி ஆரம்பித்தவருக்கும் அதே சொல்லை அது அள்ளிக் கொடுக்கிறதே, அதுதான் சிக்கல்.

ஆங்கிலப் பெயர் வைத்தாலும் கடைப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது இங்கே விதி. பையனின் முதல் ராத்திரிப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தோம். ஒற்றெழுத்துகள் மட்டும் ஆறு. அம்மா இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு முறுக்குப் பிழியப் போய்விட்டார்.

கோவையில் விளம்பரத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், “ஏஜென்சிக்குக் கொட்டிக்கொடுக்க முடியாதவனுக்கு இது வரப்பிரசாதம். கணக்கு, கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் நொடியில் முடிகிறது” என்றார். முடியட்டும். கணக்கை அது பார்க்கட்டும். என் கவலை வேறு.

நமுத்துப்போகும் தமிழ்

முறுக்கு கெட்டுப்போவதற்குத் தமிழில் தனிச் சொல் இருக்கிறது. சோறு ஊசிப்போகும், மாவு புளித்துப்போகும், எண்ணெய் சிக்கடிக்கும், முறுக்கு நமுத்துப்போகும். இந்தச் சொற்களெல்லாம் அடுப்படியிலும் கடைவாசலிலும் புழங்குபவை. இணையத்தில் அதிகம் ஏறாதவை. ஏறாததைப் பொறி எங்கிருந்து படிக்கும்? அதற்குத் தெரிந்த தமிழ், ‘தரத்தில் சமரசம் இல்லை’, ‘உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்’ வகைத் தமிழ். இலக்கணப் பிழை இருக்காது. எந்த ஊரின் வாசனையும் இருக்காது.

இன்று அந்தத் தமிழ் பவுச்சில் அச்சாகிறது. நாளை அந்தப் பவுச்சின் படமும் விளம்பரமும் இணையத்தில் ஏறுகின்றன. நாளை மறுநாள் வரும் புதுப் பொறி அதைத்தான் தமிழ் என்று படிக்கும். பொறி எழுதியதையே திரும்பத் திரும்பப் பொறிக்கு ஊட்டினால், அரிதானவை முதலில் உதிர்ந்து கடைசியில் எல்லாம் சீரழியும் என்று அதே 2024 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தமிழில் அரிதானவை எவை? கொசுறு, பதம், கைமணம், நமுத்தல். மார்க்கெட்டிங் பற்றி எழுத வந்தவன் மொழிக்காகப் புலம்புகிறானே என்று நினைக்கலாம். வியாபாரம் என்பதே பேச்சுதானே ஐயா! கூவி விற்றவர்கள் நாம். ரயில் நிற்கும் இரண்டு நிமிஷத்தில் ஜன்னலோரம் முறுக்கை விற்றவர்களின் தொண்டைதான் மணப்பாறையின் முதல் விளம்பரத் துறை.

ஒரே ஒரு கேள்வி

அன்று மணப்பாறையிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன். “அக்கா, ஊருக்குள்ள உங்க முறுக்கை என்ன சொல்லிக் கேப்பாங்க?”

“என்ன சொல்லுவாங்க... கிணத்தடி வீட்டு முறுக்குன்னுதான் சொல்லுவாங்க. எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

பையன் வாசலில் இருந்த கிணற்றைப் பார்த்தான். பதினோரு ராத்திரி தேடிய பெயர் வலை போட்டு மூடிக் கிடந்தது. மணப்பாறை முறுக்கின் ருசிக்கே தண்ணீர்தான் காரணம் என்பார்கள். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற பெயர். பழக்கதோஷத்தில் உடனே ஃபோனில் தட்டினான். ‘அருமையான தேர்வு!’ என்றது.

பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு அம்மாவே ஒரு வரி சொன்னார்: “நமுத்திருந்தா திருப்பிக் குடுங்க, காசு தர்றோம்.” அதையும் ஃபோனில் கொடுத்துப் பிழை திருத்தச் சொன்னான். ‘தரத்தில் சமரசம் இல்லை’ என்று திருத்திக் கொடுத்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கரண்டியால் சட்டியின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டினார்.

பையன் ஏ.ஐ.யை மூடிவிட்டு, லேபிள் அடிக்கும் சிவகாசி அச்சகக்காரரை ஸ்பீக்கரில் போட்டு வரியைச் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தம்பி, நமுத்துன்னு போடவா, நமத்துன்னு போடவா? எங்க பக்கம் நமத்துன்னுதான் சொல்லுவோம்.”

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

“நமுத்துன்னே போடச் சொல்லு” என்றார் அம்மா, ஆறிய முறுக்குகளை இரண்டாவது தடவை எண்ணெயில் இறக்கியபடி. “சுடுறது இங்கதானே?”