மார்பிள் ஃபயர்பிளேஸ்: அழகுக்கா, நெருப்பு மூட்டவா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

லண்டனில் விக்டோரியா காலத்து வீடு வாங்கும் பலருக்கு, ஹாலில் ஒரு மார்பிள் ஃபயர்பிளேஸும் கூடவே கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானலில் உள்ள ஆங்கிலேயர் கால பங்களாக்களிலும் கணப்படுப்பு உண்டு. புதிதாகப் பொருத்துபவர்களும், பழையதை மறுபடி பற்றவைக்க நினைப்பவர்களும் என்னென்ன கவனிக்கணும்? பார்க்கலாம்.

எப்படி செய்றாங்க?

சுண்ணாம்புப் பாறை பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறினால், அதுதான் மார்பிள். இத்தாலியின் கராரா போன்ற இடங்களில் வைரம் பதித்த கம்பியால் பாறையை அறுத்தெடுக்கிறார்கள். பிறகு பலகைகளாக்கி, பாலிஷ் போட்டு, தனித்தனி பாகங்களாகச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் கால்கள், அவற்றின் மேல் குறுக்குக்கல், உச்சியில் பொருள் வைக்கும் தட்டு, தரையில் அடிக்கல். இதுதான் அமைப்பு.

நெருப்புக்குத் தாங்குமா?

நேரடி நெருப்புக்குத் தாங்காது. மார்பிளில் உள்ள கால்சைட் படிகங்கள் சூடானால் ஒரு திசையில் விரியும், இன்னொரு திசையில் சுருங்கும். அதனால் கல் விரிசல் விடும். எனவே நெருப்பு எரியும் குழிக்குள் தீச்செங்கல்தான் இருக்கணும். மார்பிள் வெளிச்சட்டம் மட்டுமே.

விறகோ கரியோ எரிப்பதாக இருந்தால், அடிக்கல் ஒரே பலகையாக இருக்கக் கூடாது. சில துண்டுகளாக வெட்டி, அடியில் கான்கிரீட் கொடுத்ததாகக் கேட்டு வாங்குங்க. விரிவதற்கு இடம் கிடைக்கும். எலெக்ட்ரிக் ஹீட்டர்தான் என்றால் ஒரே பலகை போதும்.

அசலா, போலியா?

* மார்பிள் தூளையும் ரெசினையும் கலந்து வார்த்தவையும் 'மார்பிள்' என்ற பெயரில் விற்பனையாகின்றன. விறகு நெருப்புக்கு இவை ஆகாது.
* அசல் கல் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ரேகைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராது.
* சாம்பிள் துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. அசல் மார்பிள் என்றால் அந்த இடம் பளபளப்பு இழந்து மங்கிவிடும்.

அதே காரணத்தால், புகைக்கறையைப் போக்க வினிகரோ ஆசிட்டோ போட்டுத் தேய்க்காதீங்க. மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

உயிர் விஷயம் இது

கல் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புகைபோக்கி அடைத்திருந்தால், கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பல வருஷமாக மூடிக்கிடந்த கணப்பைப் பற்றவைக்கும் முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, ஆள் வைத்துச் சோதிப்பது அவசியம். அதன் பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யணும். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் என்பதால், அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்க அனுமதி இல்லை.

ஆகவே, கடைக்குப் போனதும் கல்லின் நிறத்தைக் கேட்பதற்கு முன், அதில் எதை எரிக்கப் போறீங்க என்பதைச் சொல்லுங்க. எந்தக் கல், எத்தனை துண்டு என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.