கட் போச்சு மாமா!

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களுக்குக் காலை ஆபீஸ் அதுதான். மற்றவர்கள் கிரிக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது நான் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் போட்டிருக்கும் கோல்ஃப் முடிவுகளைத் தேடுவேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. பணக்காரர்கள் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நடக்கிற ஆட்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எண்ணத்தை மாற்றியவன் என் அக்கா மகன். மம்சாபுரத்துப் பையன். பெங்களூருக்கு ஓட்டல் வேலை என்று போனவன், எப்படியோ கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கப் போய், பிறகு கேடி ஆகிவிட்டான். இதைப் போனில் சொன்னதும் அக்கா அழுதேவிட்டாள். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டியிருப்பவன் அல்லவா! ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்குத்தான் அங்கே அந்தப் பெயர் என்று விளக்கி, அவளைச் சமாதானப்படுத்தச் சாயங்காலம் ஆகிவிட்டது.

பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பை தூக்குவதோடு வேலை முடியாது. பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்கு எத்தனை கெஜம், காற்று எந்தப் பக்கம், புல் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் அவன் நோட்டில் இருக்க வேண்டும். பந்தைத் துடைக்க வேண்டும், மணல் பள்ளத்தில் பதிந்த காலடியை வாரிச் சமன் செய்ய வேண்டும். ஆட்டக்காரர் எரிச்சல்பட்டால் வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். இந்தக் கடைசி வித்தைதான் கஷ்டம் என்பான் அவன்.

அவன் தூக்கும் பை, பி.ஜி.டி.ஐ. என்ற இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடும் ஒருவருடையது. இந்தச் சுற்று 2006இல் தொடங்கியது. 2024 முதல் அதற்குத் தலைவர் நம் கபில்தேவ். வருஷம் பிறந்ததும் தகுதித் தேர்வு. தேறினால் 'கார்டு', அதாவது அந்த வருஷம் ஆடுவதற்கான அனுமதி. அதன் பிறகு ஊர் ஊராகப் போட்டிகள். கோடையும் மழையும் கடுமையாகும் மாதங்களில் ஆட்டம் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களைப் போல அடுத்தடுத்து நெருக்கியடிக்கும். சம்பளம் கிடையாது. ஜெயித்தால்தான் காசு.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு போட்டி நான்கு நாள். நாளொன்றுக்கு 18 குழி, மொத்தம் 72. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அதற்குப் 'பார்' என்று பெயர். ஓரடி குறைத்து முடித்தால் 'பேர்டி', ஓரடி கூடினால் 'போகி'. மொத்தத்தில் யார் குறைவாக அடித்தாரோ அவர் வெற்றி. அதனால் கழித்தல் குறி போட்ட எண்தான் இங்கே லாபம். வாழ்நாளெல்லாம் மைனஸைக் கண்டால் வயிறு கலங்கியவனுக்கு இது பழகச் சில மாதம் பிடித்தது.

நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆடத் தொடங்குவார்கள். இரண்டாம் நாள் மாலை ஒரு கோடு போடுவார்கள். முதல் ஐம்பது பேரும், ஐம்பதாவது ஆளோடு சமமாக நிற்பவர்களும் அடுத்த இரண்டு நாள் ஆடலாம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் கோட்டுக்குப் பெயர் 'கட்'. ஒரு கோடி ரூபாய் பரிசுப் போட்டி என்றால் முதலிடத்துக்கு 15 லட்சம். மீதியைக் கட் தாண்டியவர்கள் இறங்குவரிசையில் பங்கிட்டுக்கொள்வார்கள். ஓரடியில் கட்டைத் தவறவிட்டவருக்குக் கையில் ஒரு பைசா கிடையாது.

பத்திரிகையில் வருவது அந்த 15 லட்சம் மட்டும். நான் கேட்பதோ மறுபக்கம். போன வருஷம் ஒரு போட்டி வாரத்தில் ரயில், லாட்ஜ், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேடி கூலி எல்லாம் சேர்த்து அவன் முதலாளிக்கு 42,000 ரூபாய் ஆயிற்றாம். இரண்டாம் நாள் ராத்திரி போன் வந்தது.

“கட் போச்சு மாமா. ஒரே ஒரு பட்டு, அதான் குழிக்குள்ள உருட்டுற அடி. குழி உதட்டுல சுத்திட்டு வெளிய வந்துருச்சு.”

“உனக்குக் கூலி?”

“கூலி உண்டு மாமா. பரிசு வந்தாத்தான் அதுல பங்கு. அவரு முகத்தப் பாத்து எப்படிக் கேக்குறது?”

எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது தணிக்கை முறை. மைதானமோ நூறு ஏக்கருக்கு மேல் விரிந்தது. ஆளுக்கொரு நடுவர் வைக்க முடியாது. ஒருவருடைய அடிகளைக் கூட ஆடுபவர் எழுதுவார். முடிந்ததும் ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழிக்கு உண்மையைவிடக் குறைத்து எழுதியதில் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் கூட்டியதே நிற்கும். 1968இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஓரடியில் கோப்பை பாப் கோல்பிக்குப் போயிற்று. உலகமே டி.வி.யில் 3 என்று பார்த்திருந்தும் எழுதியது எழுதியதுதான். ஒரு காலத்தில் பஞ்சு வரவில் 3ஐ 8 என்று எழுதிவிட்டு, ராத்திரி பதினொரு மணி வரை பேரேட்டைப் புரட்டியவன் நான். டி விசென்சோவின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும்.

சரி, இது பணக்காரர் ஆட்டம்தானா? உறுப்பினராகச் சேர்ந்து காலையில் ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கு ஆமாம். பிழைப்புக்காக ஆடுபவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் முன்னாள் கேடி. இந்தூர் பக்கம் மோவ் என்ற ஊரில் கேடியாகத் தொடங்கிய ஓம் பிரகாஷ் சவுகான் 2023இல் இந்தியச் சுற்றில் வருஷம் முழுவதற்கும் முதலிடம் பிடித்து, அதன் மூலம் அடுத்த வருஷம் ஐரோப்பியச் சுற்றில் ஆடும் உரிமை பெற்றார். அக்கா மகன் இந்தப் பெயர்களைச் சாமி பேர் மாதிரி சொல்வான்.

எனக்கென்று பிடித்த ஒரு பெயர் உண்டு: என். தங்கராஜா. முதல்முறை பொடி எழுத்தில் பார்த்ததும், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளையோ என்று நூலகத்திலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இலங்கைக்காரர். கே. பிரபாகரனும் அங்கிருந்து வந்து இந்தியச் சுற்றில் ஆடுபவர்தான். தமிழ்நாட்டில் கோல்ஃபுக்குக் குறையொன்றுமில்லை. கொடைக்கானல் கிளப் 1895இலேயே தொடங்கியது, சென்னை நந்தனத்திலும் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்திலும் நல்ல மைதானங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பொடி எழுத்தில் தமிழ்ப் பெயரைத் தேடினால் அதிகமும் கடல் தாண்டித்தான் கிடைக்கிறது. இது எனக்கு ஒரு குறைதான்.

சுற்றின் கடைசிப் பகுதிதான் பெரிய அலைச்சல். அசாமில் டிக்பாய், நாட்டின் மிகப் பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊர். அங்கே ஒரு போட்டி. முடிவாக ஜாம்ஷெட்பூர். அங்கே ஒரு வேடிக்கை: ஒன்பது குழி பெல்டி மைதானத்தில், ஒன்பது குழி கோல்முரி மைதானத்தில், நடுவில் வண்டியேறிப் போக வேண்டும். பாதிச் சாப்பாடு ஒரு வீட்டில், மீதி அடுத்த வீட்டில் என்கிற மாதிரி. வருஷப் பட்டியலில் கீழே சரிந்தவர்கள் அடுத்த வருஷம் மறுபடி தகுதித் தேர்வுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

அது முடிந்துதான் அக்கா மகன் ஊருக்கு வருவான். சென்னையில் பொதிகை ஏறி, விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது மார்கழி பிறந்திருக்கும். கோயில் பக்கம் திருப்பாவை கேட்கும். திரும்பிப் போகும்போது முதலாளிக்கு ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொள்வான். போன வருஷம் அவர் பதினான்கு போட்டி ஆடினார், ஒன்பதில் கட் தாண்டினார். வரவு செலவைக் கூட்டிப் பார்த்தேன். செலவு போக 61,000 ரூபாய் மிச்சம்.