கட்டை விரல் போனால் 30 சதவீதம்!

கொல்லிமலையில் உள்ளது அரியூர் நாடு. இந்த மலையில் பெண்கள் சாமையையும் தினையையும் உரலில் போட்டுக் குத்துவார்கள். இடுப்பு ஒடியும் வேலை! பிறகு உமி நீக்கும் எந்திரம் வந்தது. மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கோ லாரி ஏறி, கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அங்கேயும் எந்திரம்தான்.

எந்திரம் நல்லதுதான். ஆனால், ஓடும் பெல்ட்டுக்குத் தானியம் எது, முந்தானை எது என்று தெரியாது.

கை சிக்கிவிட்டால்? "உன் கவனக்குறைவு" என்று முதலாளி ஒதுங்கிவிட முடியுமா?

முடியாது! வேலையால் காயம்பட்டவருக்கு நஷ்டஈடு தர 1923-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு அங்கிருந்தே பணம் வரும்.

கட்டை விரல் முழுவதும் போனால், சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஒரு கையின் மற்ற நான்கு விரல்களும் போனால் 50. இரண்டு கைகளும் போனால் 100. சம்பளத்தையும் வயதையும் பார்த்துத் தொகை போடுவார்கள். இளவயதுக்காரருக்குக் கூடுதல்.

குடித்துவிட்டு வேலை செய்தாலோ, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினாலோ பணம் கிடைக்காமல் போகலாம். உயிர் போனாலும், உழைக்கவே முடியாமல் ஆனாலும் அந்தச் சாக்கு எடுபடாது. "மூடியைக் கழற்று, வேலை சுணங்குகிறது" என்று சொன்னவரே முதலாளி என்றால் கதையே வேறு!

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 2 ஆண்டுக்குள் மனுக் கொடுங்கள். "நஷ்டஈடு கேட்கமாட்டேன்" என்று முதலாளி கைநாட்டு வாங்கியிருக்கிறாரா? பயப்படாதீர்கள். அந்தக் காகிதம் செல்லாது.