இரப்பரும் இதயமும்

இதயத்தின் வலிமை யாது என வினவினால், இரத்தத்தை வெளியே தள்ளும் ஆற்றல் என்றே நம்மில் பெரும்பாலோர் விடையளிப்போம். அது பாதி உண்மையே. சுருங்கிய இதயம் தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொண்டால்தான், அடுத்த துடிப்பில் தள்ளுவதற்கு இரத்தம் இருக்கும். இவ்விரிதலை நெறிப்படுத்தும் புரதத்தின் இயல்பை, பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த ஜொகூர் மண்ணில் வாழும் நாம் இரப்பரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

அகன்ற இரப்பர் வளையம் ஒன்றை விரைந்து இழுத்து, உடனே உதட்டில் ஒற்றிப் பார்ப்போம், வெதுவெதுப்பு தெரியும். சற்று நேரம் இழுத்தபடி வைத்திருந்து, பின் தளர்த்தி ஒற்றினால் குளிர்ச்சி தெரியும். இரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் சுருண்டு கிடப்பவை; வெப்பத்தால் ஓயாது அசைபவை. அவை நீண்டு நிற்பதற்கு வழிகள் சிலவே. சுருண்டு கிடப்பதற்கோ எண்ணற்ற வழிகள் உண்டு. ஆதலால், இழுப்பை விட்டவுடன் வெப்ப அசைவே அவற்றைச் சுருள்நிலைக்கு மீட்கிறது.

இதே நெறி இதயத் தசையிலும் செயற்படுகிறது. தசைநார் என்பது சார்கோமியர் எனப்படும் நுண்கூறுகளின் தொடர். ஒரு கூற்றின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 500 கூறுகள் அடங்கும். கூற்றின் விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை நீண்டு கிடக்கும் ஒற்றை மூலக்கூறே டைட்டின். ஈமோகுளோபினில் 574 அமினோ அமிலங்கள் உள்ளன. டைட்டினிலோ ஏறத்தாழ 27,000 முதல் 35,000 வரை உள்ளன. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் கோஸ்காக் மருயாமாவும் அமெரிக்காவில் குவான் வாங்கும் இதனை வெளிப்படுத்தினர்.

டைட்டினின் ஒரு பகுதி தடித்த மயோசின் இழையுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது. விளிம்பையொட்டிய பகுதியே சுருள்வில்லாகப் பணியாற்றுகிறது. இதயம் நிரம்பும்போது அது நீண்டு, அளவுமீறிய விரிவைத் தடுக்கிறது. விரிவு மிகும்போது, உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள கொல்லாஜன் இழைகள் அப்பணியில் பெரும்பங்கேற்கின்றன. சுருக்கத்தின்போது அமுக்கப்பட்ட டைட்டின் மீண்டும் விரிய முனைவதால், இதயம் இரத்தத்தை உள்ளிழுக்கவும் துணை கிடைக்கிறது.

இவ்வில்லின் விறைப்பு என்றும் ஒன்றாக இருப்பதில்லை. கருவில் உள்ள குழந்தையின் இதயத்தில் நெகிழ்வான டைட்டின் மிகுதி. பிறந்தபின் குட்டையான, விறைப்பான வகை பெருகுகிறது. அட்ரினலின் சுரக்கும் வேளையில் டைட்டினில் பாஸ்பேட் சேர்வதால் விறைப்பு குறைகிறது. விரைந்து துடிக்கும் இதயம் குறுகிய நேரத்தில் நிரம்ப அது உதவுகிறது.

இச்சமநிலை குலைந்தால் நோய் தோன்றுகிறது. வில் விறைத்து, கொல்லாஜனும் பெருகினால், நன்கு சுருங்கும் இதயமும் போதிய அளவு நிரம்புவதில்லை. மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் தொடரலாம். மாறாக, டைட்டின் மரபணு குறைவுறும்போது இதயம் தளர்ந்து பெருக்கலாம். குடும்பவழி வரும் இவ்வகை நோயில் ஏறத்தாழ 4இல் 1 பங்கினரிடம் இக்குறை உள்ளதென 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

டைட்டினோடும் மயோசினோடும் பிணைந்திருக்கும் மற்றொரு புரதம், மயோசின் பிணைப்புப் புரதம்–சி. அதன் மரபணுவில் 25 கார இணைகள் விடுபட்ட மாற்றம், தென்னாசிய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது. பெருந்துறை தண்டபாணி, சக்திவேல் சடையப்பன், குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009இல் இதனை இதயத் தசை நோயுடன் தொடர்புபடுத்தினர். மாற்றம் உடைய அனைவரும் நோயுறுவதில்லை. எனினும், குடும்பத்தில் இளவயது இதயநோயோ திடீர் மறைவோ நிகழ்ந்திருப்பின், அதனை விதியென்று விட்டுவிடாது மருத்துவரிடம் கூறுதல் நம் கடமை.

வகுப்பறையில் இதயத்தை ‘இறைப்பி’ என்று கற்பிக்கிறோம். அது தளர்ந்து ஏற்றுக்கொள்ளும் உறுப்புமாகும் என்பதைச் சேர்த்துக் கற்பிப்போம். அதற்கு ஓர் இரப்பர் வளையம் போதும்.