பிரேக்கை மிதித்தால் நடுங்கும் ஸ்டியரிங்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழகத்தின் வட எல்லையில் அமைந்துள்ள ஊர் ஆரம்பாக்கம். அதைக் கடந்தால் ஆந்திர மாநிலத்துத் தடா. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வந்து போகும் லாரிகள் இரவு பகலாக இச்சாலையில் ஓடிய வண்ணம் இருக்கின்றன. எனவே விரைந்து வரும் வண்டி சட்டென்று வேகம் தணிய வேண்டிய தருணங்கள் இங்கே பல.

என் தங்கையின் கணவர் அத்தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். நெல்லூரில் ஒரு திருமணத்திற்காகக் குடும்பத்துடன் காரில் சென்றபோது, எளாவூருக்கு அப்பால் ஒரு லாரி குறுக்கிடவே, பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் நடுங்கிற்று. விபத்து ஏதும் நேரவில்லை. ஆயினும் என் தங்கை, “இனிப் பிள்ளைகளை இந்த வண்டியில் ஏற்ற மாட்டேன்” என்று உறுதியாகக் கூறிவிட்டாள்.

இத்தனைக்கும் அது புதிய நோயன்று. ஒரு பட்டறையில், “டிஸ்க் கோணிவிட்டது” என்று சொல்லி, முன் சக்கரங்களின் டிஸ்க் இரண்டையும் மாற்றியிருந்தனர். சில மாதம் வண்டி அமைதியாக ஓடிற்று. பின் மீண்டும் நடுக்கம். மறுபடியும் மாற்றினர்; மறுபடியும் அதே கதை. பணம் போனதுதான் மிச்சம். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இறுதியில் ஆரம்பாக்கத்தில் சாலையோரத்துக் கொட்டகை ஒன்றில் தொழில் நடத்தும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டி வந்து சேர்ந்தது. அவர் ஸ்பானரைத் தொடுமுன் கேள்விகளைத் தொடுத்தார். “பிரேக் போடாமல் ஓடும்போதும் ஆடுகிறதா சார்?” இல்லை. அப்படியானால் டயரையோ வீல் பாலன்ஸையோ முதலில் குறை சொல்வதற்கில்லை. “ஆட்டம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?” கையில். ஆகவே முன் சக்கரம். இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின் சக்கரத்தை ஐயுற வேண்டும். “டிஸ்க் மாற்றிய அன்றே ஆடியதா, ஓடி ஓடிப் பிறகு ஆடியதா?” பிறகுதான். பெரியவர் தலையசைத்தார். விடை அந்த மூன்றாம் கேள்வியில் இருந்தது.

டிஸ்க் பிரேக் நேற்று வந்ததன்று. 1902ஆம் ஆண்டிலேயே பிரெடரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும். அவ்வளவே அதன் தத்துவம். அத்தட்டின் கனம் எங்கும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு மாறுபட்டாலும் நடுக்கம் தோன்றக்கூடும். இது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய கால் பங்கே! மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய காரின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 12 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கின் பிடி இறுகித் தளர, அந்த அதிர்ச்சி இணைப்புக் கம்பிகள் வழியே ஸ்டியரிங்கை எட்டுகிறது.

பெரும்பாலும் டிஸ்க் வெப்பத்தால் வளைவதில்லை என்பதே உண்மை. டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால், புது டிஸ்க்கும் இம்மியளவு சாய்ந்தே உட்காரும். பிரேக் போடாதபோதும் சுற்றுக்கு ஒருமுறை அது பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் உரசிய இடம் தேய்ந்து மெலியும். வீல் நட்களை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் முறுக்கினாலும் இதே கேடுதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பில் செந்நிறத் துரு வளையம் தெரிந்தது. பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று வீசும் பகுதியில் இதில் வியப்பென்ன? இருமுறை டிஸ்க் மாற்றியவர்கள் ஒருமுறையேனும் அதைச் சுரண்டியிருக்கலாம். பெரியவர் அதைத் தேய்த்துத் துடைத்து, டிஸ்க்கை மீண்டும் பொருத்தி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றினார், சாய்வு நீங்கியிருந்தது. பிறகு மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் கனத்தை எட்டு இடங்களில் அளந்தார். அதில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனத்திற்கு மேல் இன்னும் போதிய இடமிருந்ததால், லேத்தில் இருபுறமும் மெல்லச் சீவினாலே போதும் என்றார். காலிபரின் பின்கள் இறுகிப் போகாமல் நகர்கின்றனவா என்றும் பார்த்தார். அவை இறுகினால் பேட் விலகாமல் உரசி, அச்சக்கரம் மட்டும் சூடேறிக் கருகிய நாற்றம் வீசும். அப்படி நாற்றம் வந்தால் வண்டியை மேலும் ஓட்டலாகாது.

நட்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக, வண்டியின் கையேட்டில் கூறிய அளவுக்கே முறுக்கினார். புதுப் பேட்களைப் பழக்குவதற்கு, வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முற்றிலும் நிற்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தணிக்கச் சொன்னார். கடுமையாகப் பிரேக் போட்டு நின்றபின் காலை அழுத்தியபடியே இருந்தால், சூடான பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும் என்றும், சூடு ஆறாத சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்றும் எச்சரித்தார்.

கூலியாக அவர் கேட்டது ஒரு டிஸ்க்கின் விலையினும் குறைவு. அடுத்த ஞாயிறன்று என் தங்கையே முன்னிருக்கையில் அமர்ந்து தடா வரை போய் வந்தாள். பிள்ளைகளை அதற்கடுத்த வாரந்தான் ஏற்றினாள்.