சாரல் சீமையில் சூரிய வெந்நீர்: தட்டு வகையா, குழாய் வகையா?

தென்மேற்குப் பருவக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். வெளியூர்க்காரர்கள் அருவியில் குளிக்க வந்து குவிவார்கள். உள்ளூர் வீடுகளில் நிலைமை வேறு. வயதானவர்களுக்கும், கைக்குழந்தைக்கும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அந்த நாட்களில் வெந்நீர் இல்லாமல் முடியாது. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தேவை.

இதற்காகச் சூரிய வெந்நீர்ச் சாதனம் வாங்கலாமா என்று பல விவசாயிகள் யோசிக்கிறார்கள். கடையில் 'சோலார் ஹீட்டர்' என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். இரண்டும் நல்லவை என்றே சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் எந்த ஊருக்கு எது நல்லது என்பதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலஞ்சியில் ஒரு விவசாயி, ஆலங்குளத்துப் பக்கம் உள்ள சம்பந்தி வீட்டில் சூரிய வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வருவதைக் கண்டு, அதே சாதனத்தைத் தம் வீட்டிலும் மாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதம் வந்தது. குழாயைத் திறந்தால் வெதுவெதுப்புத்தான். "என்ன சம்பந்தி, ஒரே கம்பெனி, ஒரே விலை. எங்க வீட்டுல மட்டும் ஏன் காய மாட்டேங்கு?" என்று அவர் கேட்டால் அதில் தவறில்லை. குறை சாதனத்தில் இல்லை, வானத்தில் இருக்கிறது.

குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, தென்காசி ஆகிய ஊர்கள் சாரல் விழும் பகுதி. கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகக் காற்று இருக்கும். சாரல் குறைந்து வெயில் தெரியும். 2019-ல் தனி மாவட்டமான தென்காசியின் ஒரே சாலையில், ஒரே நாளில், இரண்டு வானங்களைப் பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

காய்ந்த நீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். அடுப்பில் வைத்த அண்டாவில் நடப்பதும் இதுதான். வெயிலைப் பிடிக்கும் பகுதி கீழேயும், நீர்த்தொட்டி மேலேயும் இருப்பதால் மோட்டார் இல்லாமலே நீர் சுற்றிச் சுற்றிக் காய்கிறது. தொட்டியைச் சுற்றி வெப்பம் வெளியேறாதபடி தடித்த உறை இருக்கும். ஆகவே பகலில் காய்ந்த நீர் மறுநாள் விடியற்காலையிலும் சூடாகக் கிடைக்கும்.

தட்டு வகை: கறுப்புப் பூச்சுள்ள தகட்டில் மெல்லிய செம்புக் குழாய்கள் பதித்து, மேலே கெட்டிக் கண்ணாடி மூடிய பெட்டி இது. கடைக்காரர்கள் 'எப்.பி.சி.' என்பார்கள். 100 லிட்டருக்குச் சுமார் 2 சதுர மீட்டர் தட்டு வேண்டும். இதற்கான இந்தியத் தர நிர்ணய எண் 12933. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

குழாய் வகை: ஒன்றினுள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், இடையில் வெற்றிடம். காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க் போன்றதே. இப்படிப் பல குழாய்கள் நேராகத் தொட்டியில் செருகப்பட்டிருக்கும். இதை 'இ.டி.சி.' என்பார்கள். பொதுவாக இதன் விலை தட்டு வகையைவிடக் குறைவு.

நம் பகுதிக்கு நான்கு சோதனைகள்

முதலாவது, மேகம். 'மழையிலும் காயும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயில் இல்லாமல் எந்தச் சாதனமும் காயாது. ஆனால் மேகத்தினூடே வரும் மங்கலான ஒளியிலும் குழாய் வகை ஓரளவு வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். வெற்றிடம் அந்த வெப்பத்தை வெளியே விடுவதில்லை. மூடாக்கான நாளில் தட்டு வகையைவிட இது சற்று மேல்.

இரண்டாவது, காற்று. கணவாய்க் காற்றின் வேகத்துக்குச் செங்கோட்டை, சுரண்டைப் பகுதிக் காற்றாலைகளே சாட்சி. இந்தக் காற்று தட்டின் கண்ணாடியைத் தடவித் தடவிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். வெற்றிடக் குழாயை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. எந்த வகையானாலும் இரும்புச் சட்டத்தைத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். செங்கல்லை அண்டக் கொடுத்து நிறுத்துவது ஆபத்து.

மூன்றாவது, நீர். இதுவே முக்கியம். மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்று நீர் மென்னீர். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பு நீர். உங்கள் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் காரை கட்டியிருந்தால், சோப்பு நுரைக்க மறுத்தால், அந்த நீர் தட்டு வகையின் மெல்லிய செம்புக் குழாய்களைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். குழாய் வகையின் கண்ணாடிக் குழாய்கள் அகலமானவை, கழற்றிக் கழுவலாம். உப்பு நீருக்குத் தட்டு வகைதான் வேண்டுமென்றால், 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' உள்ளதாக வாங்க வேண்டும். அதில் தட்டுக்குள் சுற்றும் நீர் வேறு, நாம் குளிக்கும் நீர் வேறு. விலை கூடும்.

நான்காவது, உடைசல். குற்றாலத்துக் குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை மட்டையும் நெற்றும் விழும் இடங்களும் உண்டு. தட்டு வகையின் கெட்டிக் கண்ணாடி இவற்றை ஓரளவு தாங்கும். குழாய் வகையில் ஒரு குழாய் உடைந்தால் தொட்டி நீர் முழுவதும் வடிந்துவிடும். உடைந்த குழாயை மட்டும் மாற்றலாம் என்பது ஆறுதல்.

தொகுத்துச் சொன்னால், நல்ல நீரும் குரங்குத் தொல்லையும் உள்ள மலையடிவார வீட்டுக்குத் தட்டு வகை நீண்ட நாள் உழைக்கும். உப்பு நீர் உள்ள கிழக்கத்தி ஊர்களுக்குக் குழாய் வகை ஏற்றது.

எத்தனை லிட்டர் வேண்டும்?

60 டிகிரி வெந்நீரை அப்படியே ஊற்றிக்கொள்ள முடியாது. 27 டிகிரிப் பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உடம்பு தாங்கும். அப்படியானால் 15 லிட்டர் வாளிக்கு வெந்நீர் 6 லிட்டர் போதும். ஆறு பேர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்தாலும் 72 லிட்டர்தான். ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு 100 லிட்டர் சாதனமே தாராளம். 200 லிட்டர் வாங்கச் சொன்னால் கணக்குக் கேளுங்கள்.

எப்படி மாட்டுவது?

தட்டோ குழாயோ தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி நடு வரை உச்சி வெயில் சற்று வடக்கே இருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். வெந்நீர் அதிகம் வேண்டியது மார்கழி, தை மாதங்களில்தான். ஆகவே தட்டு வகைக்கு 20 டிகிரிச் சாய்வு நல்லது. அதாவது ஆறடி நீளத் தட்டின் மேல்முனை கீழ்முனையைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். குழாய் வகைக்குச் சாய்வு அதன் சட்டத்திலேயே அமைந்திருக்கும்.

காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். மலையையொட்டிய வீடுகளில் மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடுவதால் காலை வெயிலை இழக்கக் கூடாது.

குளிர்நீர்த் தொட்டியின் அடிமட்டம், வெந்நீர்த் தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு தொட்டியைத் தூக்கி வைக்கத் தனிச் செலவு செய்பவர்கள் உண்டு. தட்டு வகையில் வெந்நீர்த் தொட்டியும் தட்டின் மேல்முனைக்குச் சுமார் ஓர் அடி மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் நீர் பின்னோக்கிச் சுற்றி ஆறிவிடும்.

சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீரில் இளகிவிடும், சி.பி.வி.சி. குழாய் போடவும். குளியலறை தூரத்தில் இருந்தால் நட்டம். முக்கால் அங்குலக் குழாய் 40 அடி ஓடினால் அதற்குள்ளேயே 3 லிட்டருக்கு மேல் ஆறிய நீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது வடிந்த பிறகே வெந்நீர் வரும்.

காலியாகிவிட்ட கண்ணாடிக் குழாய்களில் நண்பகலில் பச்சைத் தண்ணீர் விட்டால் அவை வெடித்துவிடும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நிரப்பவும். பங்குனி, சித்திரையில் வெந்நீர் தேவைப்படாதபோது பாதிக் குழாய்களைச் சாக்கால் மூடி வைக்கலாம். அந்த மாதங்களில் நீர் கொதிநிலைக்கு அருகில் போகும். குழந்தைகள் குழாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரவு செலவு

பெங்களூரில் வீட்டுக்கு வீடு இச்சாதனத்தைப் பார்க்கலாம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காலை நேரம் குளிர். தினமும் வெந்நீர் வேண்டும். நம் பகுதியில் அப்படியல்ல. வெயில் கொளுத்தும் நாளில் வெந்நீர் வேண்டாம். சாரல் அடிக்கும் நாளில் வெந்நீர் வேண்டும், வெயில் இல்லை. வெயிலும் உண்டு, குளிரும் உண்டு என்ற நாட்கள்தான் லாபம் தருபவை. அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆறு பேர் குளிக்க மின் ஹீட்டருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 3 யூனிட் ஆகும். யூனிட் ரூ.6 என்று வைத்தால் மிச்சம் ரூ.18. இலஞ்சி விவசாயிக்கு ஆண்டில் 120 நாள் பயன் என்றால் ரூ.2,160. சாதனம் ரூ.20,000 என்றால் முதல் திரும்ப 9 ஆண்டு தாண்டும். கிழக்கே சம்பந்திக்கு 200 நாள் பயன் என்றால் ரூ.3,600, ஐந்தரை ஆண்டில் முதல் வந்துவிடும். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2010-ல் தொடங்கிய தேசிய சூரிய சக்தி இயக்கத்தின்கீழ் இச்சாதனங்களுக்கு மத்திய அரசு மானியம் கொடுத்து வந்தது. பின்னர் அது நிறுத்தப்பட்டுவிட்டது. 2024-ல் அறிவித்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் மின்சாரம் எடுக்கும் சோலார் பலகைகளுக்கே உரியது; வெந்நீர்ச் சாதனத்துக்கு அல்ல. 'மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்' என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம்.

ஒரே அளவு இடத்தில் பலகையைவிட வெந்நீர்ச் சாதனமே அதிக வெப்பம் பிடிக்கும். ஆனால் பலகை தரும் மின்சாரம் கோடையிலும் விசிறிக்கு உதவும். வெந்நீர் சில மாதங்களுக்கே போதும் என்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அடுப்பை இடித்துவிடாதீர்கள்

தென்னை உள்ள விவசாயிக்கு மட்டை, பாளை, சில்லாட்டை எல்லாம் காசில்லாத விறகு. அவருக்குச் சூரிய வெந்நீரால் பணம் மிச்சமாகாது. வீட்டுப் பெண்களுக்குப் புகையும், விடியற்காலை அடுப்பு மூட்டும் சிரமமும்தான் மிச்சம். அதுவும் சிறிய லாபமல்ல. ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டுமா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

சாதனம் வாங்கினாலும் வெந்நீர் அடுப்பு இருக்கட்டும். சாரல் நாட்களுக்கு அதுவே துணை. தொட்டிக்குள் மின் கம்பி வைத்துக் கொடுப்பார்கள். அதைப் போட்டுவிட்டு மறந்தால் ஒரு வாளிக்காக 100 லிட்டரும் காயும், கட்டணம் ஏறும். அதைவிட மட்டையில் ஒரு அண்டா காய்ச்சுவது சிக்கனம். சித்திரை, வைகாசியிலேயே மட்டையை வெட்டி, காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ளவும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலேயே சாதனம் வைத்திருப்பவர் வீட்டுக்கு, வெயில் நாளில் அல்ல, ஆடிச் சாரலில் ஒரு விடியற்காலை போய், வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பாருங்கள். அந்தச் சூடு உங்களுக்குப் போதுமென்றால் தயங்காமல் வாங்கலாம்.