‘இங்கே வா’ என்னும் பாடம்

அயல்நாட்டு மாணவர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு நம் மொழியைப் பயிற்றுவது புதிய வழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். ருவான்வெல்லையையும் அதனைச் சூழ்ந்த ரப்பர், தேயிலைத் தோட்டங்களையும் அறிந்தவர்க்கு அது அத்தனை புதிதன்று. தோட்டத் தொழில் பழகுவதற்கென ஆங்கில நாட்டிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள், தொழிலோடு தமிழையும் கற்றே தீரவேண்டியிருந்தது. தமிழறியாத துரைக்குப் பிரட்டுக்களத்தில் வேலையேது?

அவ்விளைஞருக்கு ‘கிரீப்பர்’ என்று பெயர். படர்கொடி என்பது அச்சொல்லின் பொருள். கொடி எதைப் பற்றிப் படர்ந்தது என்பது வேறு கதை. அவர்களுக்கென்றே கைந்நூல்களும் அச்சாயின. கொழும்பில் பெர்குஸன் நிறுவனம் சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட நாளில் வெளியிட்ட சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டியின் பெயரே ‘இங்கே வா’ என்பது. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலோ ‘கூலித் தமிழ்’ என்று வெளிவந்தது. ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் முதலில் எதைக் கற்கிறான் என்பதிலேயே அவன் எங்கே தங்கியிருந்தான் என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா? அவன் தங்கியது பங்களாவில். அவனுக்கு ஆசான்கள் கங்காணியும் சமையற்கார அப்புவும். வா, போ, எடு, வெட்டு என்னும் ஏவல்களே அவனுக்கு இலக்கணமாயின. நன்றாகத் தமிழ் பேசிய துரைமாரும் இருந்தனர், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பங்களாவிலிருந்து லயத்துக்குச் சென்று, ஒரு குடும்பத்தின் விருந்தினனாய் அமர்ந்து தமிழ் கேட்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று தரங்கம்பாடியில் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்து, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். வந்த நோக்கம் மதம் பரப்புதலே. எனினும் கற்ற முறை மாணாக்கனுடைய முறை. பத்தாண்டுகளில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறிற்று.

இன்று மதுரையில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் வாயிலாகத் தமிழ் பயில வரும் மாணவர், தமிழ்க் குடும்பங்களோடு தங்கியும் பயில்கின்றனர். வகுப்பில் கற்கும் தமிழ் ஒன்று. அடுக்களையில் காதில் விழும் தமிழ் மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் எத்தகையது என்பதை நம்மவர் உணர்வதில்லை. பிறந்தநாள் தொட்டு அதைத் தாண்டிப் பழகியவர்கள் நாம். ‘போகிறேன்’ என்று வாயிற்படியில் நின்று சொல்லும் மாணவனுக்கு அச்சொற்றொடரில் பிழையேதும் தோன்றாது, இலக்கணப்படி பிழையுமில்லை. வீட்டுப் பாட்டிதான் பதறிப்போய், ‘போய் வருகிறேன் என்று சொல்லப்பா’ என்பாள். அண்ணன், அக்கா, சித்தி என்னும் முறைப்பெயர்களும் அவ்வாறே. அவனை எவரேனும் முறைசொல்லி அழைத்த பின்னரே அவனும் பிறரை அழைக்கக் கற்கிறான். எந்தக் கைந்நூலும் இதைத் தராது.

மீண்டும் ருவான்வெல்லைக்கு வருவோம். தமிழ் பயிலும் வெளிநாட்டுப் பெண்ணொருத்தி, தோட்டத்துப் பேச்சைத் தோட்டத்திலேயே கேட்க விரும்பி இங்கு வருகிறாள் என வைத்துக்கொள்ளுங்கள். அவளை எங்கே தங்கவைப்பது? பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், முதியோர். விருந்தோம்பும் மனம் இருந்தும் விருந்தினர் காலை நீட்ட இடமில்லாத வீட்டைத்தான் தலைமுறை தலைமுறையாக இம்மக்களுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். புதிய தனிவீடுகள் சில தோட்டங்களில் எழுந்திருக்கின்றன. லயங்களும் இன்னும் நிற்கின்றன.

ஆனாலும் அவளைத் திருப்பியனுப்ப மாட்டார்கள். ஆண்பிள்ளைகள் இஸ்தோப்பில் பாய் விரித்துக்கொள்வர். அவளுக்கு உள்ளே பெண்பிள்ளைகளின் அருகில் இடம் ஒதுங்கும். பொழுது சாய்ந்து, மலையிலிருந்து வந்த அம்மா அடுப்பை மூட்டி, ரொட்டியும் சம்பலும் எடுத்துவைத்துவிட்டு அவளை அழைப்பாள்:

“இங்கே வா, பிள்ளே.”